கதவைச் சுமந்து வருபவள்

இதைத் தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்று பஞ்சவர்ணத்துக்குப் பயம். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள், கோவையாகச் சொல்ல வராது, பின்னால் வரவேண்டியதை முன்னால் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்வாள் என்பதெல்லாம் சின்னப் பயங்கள். அவற்றோடு அவள் பிறந்ததிலிருந்தே குடித்தனம் நடத்திவருகிறாள். பெரிய பயம் வேறு. வேலாங்குளத்தில், செத்துப்போன பபூன் மாயழகைப் பற்றி ஒரு சொல்லைத் தப்பாகச் சொன்னால், அந்தத் தப்பு அப்படியே கைகால் முளைத்துத் தெருவில் வந்து நிற்கும், நின்று சோறு கேட்கும், அதற்கும் ஓர் இலை போடவேண்டியிருக்கும். ஆகவே அவள் ஒவ்வொரு சொல்லையும் வெளியே விடுமுன் உள்ளேயே ஒரு தரம் இழுத்துப் பார்த்துக்கொள்வாள், வீட்டுப் பூட்டை இழுத்துப் பார்ப்பதுபோல.

மாயழகு உயிரோடிருந்தபோது சுற்றுவட்டாரத்தில் திருவிழாவுக்கு நாடகம் பேசப் போகிறவர்கள் முதலில் கேட்பது பபூன் யார் என்பதைத்தான். மாயழகு என்று தெரிந்தால் சாயங்காலமே பாயைக் கொண்டுவந்து விரித்து, அதன்மேல் செங்கல்லை வைத்து இடம் பிடித்துவிட்டுப் போவார்கள். பகலில் பார்த்தால் ஒல்லியான, காது மட்டும் பெரிதான, எதிரே வந்தாலும் யாரும் கவனிக்காத மனுசன். முகத்தில் வெள்ளையும் சிவப்பும் ஏறிவிட்டால் அவருக்குள்ளிருந்து ஒரு ஊரே இறங்கி வரும். சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பம்பை ஊசியாக வைத்துக்கொண்டு மாட்டுக்கும் மின்கம்பத்துக்கும் கோயில் உண்டியலுக்கும் ஊசி போடும் வைத்தியர் உத்தண்டி வருவார். கழுத்தில் வாடாத மாலையோடு யார் வீட்டுக் கல்யாணத்திலும் மணவறையில் போய் உட்கார்ந்துகொள்ளும் எட்டாம் மாப்பிள்ளை வருவான். ஆட்டு மந்தைக்கு அணிவகுப்பு நடத்தும் பட்டாளத்து வீரணன் வருவான். மீனை விற்க வந்து, வாங்க வந்தவளை விலை பேசும் மீசை ராக்கு வருவாள். சிரித்துச் சிரித்துப் பிள்ளைத்தாய்ச்சி ஒருத்திக்கு அங்கேயே வலி கண்டு, பிறந்த பிள்ளைக்கு மாயழகு என்றே பேர் வைத்த கதையும் உண்டு.

அவர் மேடைக்கு வருவதற்கு ஒரு முறை இருந்தது. திரைக்குப் பின்னால் சலங்கை குலுங்கும். ஓரத்தில் உட்கார்ந்து வாசித்துக்கொண்டிருக்கும் ஆர்மோனியம் சண்முகையா சட்டென்று விரலை நிறுத்திவிட்டு, "யாரப்பா அது, சொல்லாமக் கொள்ளாம வர்றது?" என்று கேட்பார். உள்ளேயிருந்து பதில் வரும். பதில் வந்தபிறகுதான் ஆள் வரும். அந்தக் கேள்வி கேட்காமல் மாயழகு ஒருநாளும் மேடையேறியதில்லை. கேட்டபிறகு யாரும் வராமல் போனதும் இல்லை.

அந்தப் பழக்கம்தான் வினையாக முடிந்தது.

மாயழகு தனிக்கட்டை. அக்காள் மகன் வந்து கருமாதி செய்தான். பந்தலில் முதல் பந்தி முடிந்து, வெற்றிலை போட்டுக்கொண்டு, ஆளுக்கொன்றாக அவரைப் பற்றிச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அழுவதற்கென்று வந்தவர்களும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்கள். வைத்தியர் உத்தண்டி பெண் பார்க்க வந்த இடத்தில் மாமனாருக்கு ஊசி போட்ட கதையை டீக்கடை அழகுமலை எழுந்து நின்று நடித்தே காட்டினான். சிரிப்பு அலையடித்து ஓய்கிற நேரம், இரங்கல் பாட்டுக்காக ஆர்மோனியத்தோடு உட்கார்ந்திருந்த சண்முகையாவின் விரல்கள் தாமாகவே நின்றன. வாயும் தானாகவே கேட்டது.

"யாரப்பா அது, சொல்லாமக் கொள்ளாம வர்றது?"

பந்தலுக்குப் பின்னால் மாட்டுக்கொட்டத்திலிருந்து குரல் வந்தது. "வியாதிதேன் சொல்லிட்டு வரணும். வைத்தியனுமா சொல்லிட்டு வரணும்?"

கையில் சைக்கிள் பம்போடு உத்தண்டி வந்தார். பந்தக்காலுக்கு ஓர் ஊசி போட்டார். பந்தியில் இடம் பார்த்து உட்கார்ந்தார். பரிமாறிக்கொண்டிருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். "வைத்தியருக்கு வடை வையி" என்று யாரோ சொன்னார்கள். வடை வைக்கப்பட்டது.

பஞ்சவர்ணம் மட்டும் எழுந்து வீட்டுக்குப் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டாள்.

ஊர் இதை எப்படி ஏற்றுக்கொண்டது என்றால், மழை வந்தால் ஏற்றுக்கொள்வதுபோலத்தான். வந்தவர்களை எங்கே உட்காரவைப்பது, என்ன வேலை கொடுப்பது என்பதுதான் பேச்சாக இருந்ததே தவிர, எப்படி வந்தார்கள் என்று யாரும் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. உத்தண்டியை பஸ் நிறுத்தத்தில் உட்காரவைத்தார்கள். அவர் ஊசி போட்டால் சைக்கிள் டயருக்குக் காற்று ஏறியது. எட்டாம் மாப்பிள்ளை வந்தபோது முதலில் கொஞ்சம் சங்கடப்பட்டார்கள். பிறகு, அவனையே மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் உட்காரவைத்தால் ஊர்க்கண்ணெல்லாம் அவன்மேல் போய்விடும் என்று கண்டுபிடித்தார்கள். அதிலிருந்து அவனுக்கு ஓய்வே இல்லை, பக்கத்து ஊர்களிலிருந்தெல்லாம் வேன் வைத்து அழைத்துப் போனார்கள். பட்டாளத்து வீரணன் ஆட்டுக்காரர்களோடு சேர்ந்துகொண்டான். அவன் "திரும்பிப் பார்" என்றால் மந்தை திரும்பிப் பார்த்தது. சாயங்காலம் பொழுது இறங்கியதும் நாடகமேடைத் திடலில் கூடி, மாயழகைப் பற்றி ஒருவர் சொல்ல, மற்றவர்கள் சிரிக்க, சண்முகையா கேட்க, ஒருவர் வந்து சேர்வது என்பது ஊரின் வழக்கமாகிவிட்டது.

"நீங்க கேக்காம இருக்கக் கூடாதா மாமா?" என்று பஞ்சவர்ணம் ஒருநாள் சண்முகையாவிடம் கெஞ்சினாள்.

"கேக்காம இருந்தா வெரல் மரத்துப்போகுது தாயி" என்றார் அவர். "சிரிப்புச் சத்தம் அடங்குனா வாய் தானா தொறந்துக்கிருது. நான் என்ன செய்ய?"

இவளுடைய புருசன் தங்கபாண்டி ஊருக்குள் மாவு மில் வைத்திருந்தான். அவனுக்கு இதெல்லாம் ஒரே கொண்டாட்டம். "செத்தும் சிரிக்க வைக்கிறான்டி நம்ம மாயழகு. எந்த ஊருக்குக் கிடைக்கும் இந்தக் கொடுப்பினை?" என்பான். பஞ்சவர்ணம் மில்லின் பட்டறைக் கதவை இழுத்துப் பார்த்துவிட்டு, நாலடி நடந்து, திரும்பி வந்து இன்னொரு தரம் இழுத்துப் பார்ப்பாள்.

மீசை ராக்கு தப்பாக வந்தாள். அவளைச் சொன்னவர் பந்தல்காரர். எந்த நாடகத்தையும் கடைசி வரிசையில் நின்று பார்த்தவர். அவருக்கு ராக்குவின் நடையும் குரலும் மீசையும் தெரியும், முகம் தெரியாது. தெரியாததை விட்டுவிட்டுச் சொன்னார். மறுநாள் தெருவில் மீன்கூடையோடு வந்த ராக்குவுக்கு முகம் இருக்கவேண்டிய இடம் தோசைமாவு ஊற்றித் தேய்த்ததுபோல வழுவழுவென்றிருந்தது. நடுவில் மீசை மட்டும் இருந்தது. பெண்கள் மீனை மட்டுமே பார்த்து மீன் வாங்கினார்கள். அவள் அவ்வப்போது கூடையை இறக்கிவைத்துவிட்டுக் கையால் தன் முகத்தைத் தடவிப் பார்த்தாள். எதையோ வைத்த இடத்தில் தேடுகிறவள் மாதிரி தேடினாள்.

பஞ்சவர்ணத்துக்கு அது பொறுக்கவில்லை. பயந்தவள் எல்லாவற்றையும் உற்றுப் பார்த்து வைத்திருப்பாள். என்றைக்கும் முன்வரிசையில் உட்கார்ந்து, கண்ணை எடுக்காமல் மாயழகைப் பார்த்தவள் அவள். அன்றைக்குச் சாயங்காலம் வாழ்க்கையில் முதல்முறையாகத் திடலில் எழுந்து நின்று, கால் நடுங்க, ராக்குவின் கிளிமூக்கையும், ஒன்றரைக் கண்ணையும், கோபம் வந்தால் இடது கன்னத்தில் மட்டும் விழுகிற குழியையும் ஒன்று விடாமல் சொன்னாள். விடிந்து பார்த்தால் ராக்குவுக்கு முகம் வந்திருந்தது. நேரே மில்லுக்கு வந்து, ஒரு கெளுத்தி மீனைப் பஞ்சவர்ணத்தின் காலடியில் வைத்துவிட்டுப் போனாள்.

"சொன்னா பஞ்சவர்ணம் சொல்லணும்" என்று ஊரெல்லாம் பேச்சானது. அவளுக்கு அந்தப் பேச்சும் பயமாக இருந்தது.

ஆனால் உண்மையான பயம் தலையாரி உடையப்பன் விசயத்தில்தான் வந்தது.

மாயழகு மேடையில் ஆடிக்காட்டிய ஆட்களில் பாதிப்பேர் காற்றிலிருந்து பிறந்தவர்கள். மீதிப்பேருக்கு ஊருக்குள்ளேயே அசல் உண்டு. நின்றுகொண்டே தூங்கி, தூக்கத்திலேயே திருடனைத் துரத்தி, கடைசியில் தன் காலையே திருடன் என்று பிடித்துக் கட்டிவைக்கும் தூங்குமூஞ்சித் தலையாரிக்கு அசல், உடையப்பன். அந்தத் தூங்குமூஞ்சி ஒருநாள் சாயங்காலம் வந்து சேர்ந்தான். உடையப்பன் உட்காரும் பெஞ்சில் உட்கார்ந்தான். உடையப்பனைவிட அழகாகத் தூங்கினான். அவன் விட்ட குறட்டையில் ஒரு தாளம் இருந்தது. ஊரே நின்று கேட்டுவிட்டுப் போனது. பசித்தபோது எழுந்து உடையப்பன் வீட்டுக்குப் போனான். உடையப்பன் சம்சாரம் தட்டு வைத்தாள்.

அசல் உடையப்பன் வீட்டுக்கு வந்து வாசலில் நின்றபோது அவள், "யாருங்கய்யா? அவரு தூங்குறாரு, அப்பறமா வாங்க" என்றாளாம். கோபமில்லை, வேசமில்லை. வழி கேட்டு வந்த அந்நியனைப் பார்ப்பதுபோல மரியாதையாகப் பார்த்தாளாம்.

அதை உடையப்பனே மில்லுக்கு வந்து சொன்னான். வந்து நின்றவனைக் கொஞ்சநேரம் பஞ்சவர்ணத்துக்கும் யாரென்று பிடிபடவில்லை. காதோரம் இருந்த பழைய தழும்பைப் பார்த்துத்தான் கண்டுகொண்டாள்.

"தாயி, நான் தூங்கியே நாளாச்சு" என்றான். "தூக்கம் பூராம் அவன்கிட்டப் போயிருச்சு. யாரு பேரையாவது சொல்லிக் கூப்புட்டா, ஏதோ மாடு கத்துனாப்ல திரும்பிப் பாக்குறாய்ங்க. எந்தங்கச்சி ஊருக்குப் போறேன். அங்க மாயழகு ஆடுனதில்ல." பஸ்ஸுக்குத் திரும்பியவன் நின்றான். "ஒன்னையும் ஒருநா சொல்லிப்புடுவாய்ங்க. சூதானமா இருந்துக்க."

அவன் எதைச் சொல்கிறான் என்று அவளுக்குத் தெரியும். மாயழகின் பாத்திரங்களிலேயே ஊருக்கு ரொம்பப் பிடித்தவள் பூட்டுப் பொன்னாத்தா. அவளுக்கு அசல், பஞ்சவர்ணம்.

பொன்னாத்தா திருவிழாவுக்குப் புறப்படுவாள். வீட்டைப் பூட்டுவாள். உப்புச்சாடியைப் பூட்டுவாள். கோழியின் மூக்கைப் பூட்டுவாள். பஸ் ஏறப்போனவள் திரும்பி ஓடிவந்து பூட்டை இழுத்துப் பார்ப்பாள். இப்படிப் போவதும் வருவதுமாகப் பஸ்ஸெல்லாம் போனபின், கடைசியில் கதவையே கழற்றித் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு, "கதவு எங்கிட்ட இருக்கு. இனி எவன் தொறப்பான்?" என்று திருவிழாவுக்கு நடப்பாள். போய் சாமி கும்பிட்டு, வழியில் கண்டவர்களிடமெல்லாம் வம்பளந்து, வீடுவந்து சேர்ந்து, கதவை மாட்டி, பூட்டிவிட்டு, வெளியே நின்றே தூங்கிப்போவாள். முதல்முறை அதை ஆடியபோது பஞ்சவர்ணமும் வயிறு நோகச் சிரித்தாள். அப்புறம்தான் திடல் முழுக்கத் திரும்பித் தன்னைப் பார்க்கிறது என்று கண்டாள்.

மறுநாள் மாயழகு ஒரு தூக்குவாளியில் கேழ்வரகோடு மில்லுக்கு வந்தார். வெள்ளை சரியாகக் கழுவாமல் காதுமடலில் ஒட்டியிருந்தது.

"கோவமா தங்கச்சி?"

"கோவமில்லண்ணே. ஊரே திரும்பிப் பாத்துச்சு. நெஞ்சு அடைச்சிருச்சு."

அவர் மில்லின் பெல்ட் சுற்றுவதையே பார்த்துக்கொண்டு நின்றார். "ஒன்னய ஆடல தங்கச்சி. சத்தியமா. திரைக்குப் பின்னால நிக்கிறப்ப எனக்கு ஒரு நடுக்கம் வரும் பாரு, இன்னைக்கு ஒருத்தனும் சிரிக்கமாட்டான்னு. சலங்கை குலுங்குதுன்னு நெனக்கிறாய்ங்க. அது சலங்கை இல்ல, காலு. அந்த நடுக்கத்துக்கு ஒரு சேலையக் கட்டி வெளிய அனுப்புனேன், அம்புட்டுத்தேன். பூட்டு மட்டுந்தேன் ஒன்னோடது."

அதன்பிறகு அவர் வரும்போதெல்லாம் அவள் அவருடைய தானியத்தை முதலில் அரைத்துக் கொடுத்தாள். வேறு யாருக்கும் சொல்லாததை இவளிடம் சொன்னவர் என்று ஒரு பாசம். இப்போதோ, அவர் ஆடிய அந்தப் பொன்னாத்தாளே வந்துவிடுவாளோ என்று பயந்தாள்.

அவள் ஒரு வழி கண்டாள். பயந்தவர்கள் கண்டுபிடிக்கும் வழிகள் எல்லாவற்றையும்போல அதுவும் கொஞ்சகாலம் ஓடியது. சாயங்காலம் யாராவது, "நம்ம பொன்னாத்தா இருக்காளே" என்று வாயெடுத்தால் போதும், பஞ்சவர்ணம் குறுக்கே விழுந்து, "அத விடுங்க, இடியாப்பச் சாமியாரச் சொல்லட்டா?" என்பாள். அவளைவிட நன்றாகச் சொல்ல ஆள் கிடையாது என்பதால் திடல் அவள் பக்கம் திரும்பிவிடும். அவள் சொல்லச் சொல்ல, தாடியில் இடியாப்பம் பிழிந்த சாமியார் வந்தார். தன் நிழலிடமே வழிச்சண்டை போடும் கிட்ணக்கோனார் வந்தார். பேயோட்ட வந்து பேயிடமே ஜோசியம் பார்த்த மந்திரவாதி வந்தான். எல்லாரும் விரல்நகம்வரை சரியாக வந்தார்கள். அசல் இல்லாத பாத்திரங்களாகப் பார்த்துப் பார்த்துத்தான் அவள் சொன்னாள். பகலெல்லாம் மில் சத்தத்துக்குள் நின்று மாயழகின் ஒவ்வொரு இரவையும் மனசுக்குள் ஓட்டி, யாராவது மிச்சமிருக்கிறார்களா என்று துழாவினாள். ஊரில் சிரிப்பு பெருகியது. டீக்கடையில் கூட்டம் பெருகியது. இலைகள் பெருகின. ஒவ்வொருவரும் வந்து சேரும்போது, இன்றைக்குத் தப்பித்தோம் என்று அவள் மூச்சுவிட்டாள். மூச்சை விடும்போதே, சொல்ல ஆள் தீர்ந்துவருகிறது என்று பானையின் அடி தட்டும் சத்தமும் கேட்டது.

முதல் வருசத் திதி வந்தது. மேடையில் மாயழகின் படத்துக்கு மாலை போட்டு, ஊரே கூடியிருந்தது. வந்து சேர்ந்தவர்களும் ஒரு பக்கமாக உட்கார்ந்திருந்தார்கள். பஞ்சவர்ணம் வீட்டை இரண்டு பூட்டுப் போட்டு, வளையத்தில் கயிறும் கட்டிவிட்டு, இரண்டுமுறை திரும்பிப்போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தாள். பொழுது கண்மாய்க்கரைக்கு மேல் சிவந்து கிடந்தது.

"இனி யாரு பாக்கி?" என்றான் அழகுமலை.

பஞ்சவர்ணம் மனசுக்குள் துழாவினாள். கைக்கு ஒன்றும் தட்டுப்படவில்லை.

எழுந்தது தங்கபாண்டிதான். "எனக்குப் பிடிச்சவ இன்னும் வரலையேப்பா" என்றான். அவன் கண்ணில் கெட்ட எண்ணம் எதுவுமில்லை, பண்டிகைக்குப் புதுத்துணி கேட்கும் பிள்ளையின் முகம்தான் இருந்தது. "என் பொண்டாட்டி முன்னாலேயே சொல்றேன், கோவிச்சுக்கிட்டாலும் பரவால்ல. பூட்டுப் பொன்னாத்தா!"

திடல் கைதட்டியது. பஞ்சவர்ணம் அவன் வேட்டியைப் பிடித்து இழுத்தாள். "வேணாங்க. உக்காருங்க. உங்க கால்ல விழுறேன்."

"அட சும்மா இருடி. சிரிக்கத்தானே." அவன் சொல்ல ஆரம்பித்தான். "பொன்னாத்தாளுக்கு ஊரையே பிடிக்காது, எவன் மேலயும் நம்பிக்கை கிடையாது, ராங்கி புடிச்ச பொம்பள…"

அது தப்பு. பொன்னாத்தாளுக்கு ராங்கி கிடையாது. அவளிடம் இருந்தது நடுக்கம். இவன் வாயிலிருந்து வரப்போகிற பொன்னாத்தா பூட்டைத் தேடி வரமாட்டாள், ஆளைத் தேடிச் சண்டைக்கு வருவாள். முகமில்லாத ராக்கு தன்னைத் தடவிப் பார்த்தது பஞ்சவர்ணத்துக்கு நினைவு வந்தது. அவள் எழுந்தாள்.

"நிறுத்துங்க. நான் சொல்றேன்."

சொன்னாள். சேலைமுந்தியில் தொங்கும் சாவிக்கொத்தைச் சொன்னாள். உப்புச்சாடியையும் கோழியையும் சொன்னாள். ஓடுவதையும் திரும்புவதையும் சொன்னாள். அவள் ராங்கிக்காரி இல்லை, அவளுக்கு முழங்கால் நடுங்கும், அந்த நடுக்கம் மாயழகண்ணனுடையது என்று சொன்னாள். ஊர் கண்ணீர் வரச் சிரித்தது. கதவைக் கழற்றித் தலையில் வைத்துக்கொண்டு பொன்னாத்தா திருவிழாவுக்கு நடந்தாள் என்ற இடத்தில் வந்து பஞ்சவர்ணம் நின்றாள். அடுத்து அவள் வீடுவந்து சேரவேண்டும். அதைச் சொன்னால் அவள் வந்துசேர்கிற வீடு எது என்று அவளுக்குத் தெரியும்.

"அப்பறம்?" என்றான் அழகுமலை.

"நடந்தா. அம்புட்டுத்தேன்" என்றாள்.

சிரிப்பு ஓய்ந்தது. சண்முகையாவின் விரல் நின்றது.

"யாரப்பா அது, சொல்லாமக் கொள்ளாம வர்றது?"

கண்மாய்க்கரையிலிருந்து நடுங்கும் குரல் வந்தது. "நாந்தேன்… நான் வீட்டப் பூட்டுனேனா?"

தலையில் கதவோடு வந்தாள். திடலில் நிற்கவில்லை. தெருவுக்குள் நுழைந்து ஒவ்வொரு வீடாகப் பார்த்துக்கொண்டே நடந்தாள். ஊர் சிரித்துக்கொண்டே பின்னால் போனது. பஞ்சவர்ணம் முண்டியடித்து ஓடினாள். பொன்னாத்தா ஒவ்வொரு பூட்டையும் இழுத்துப் பார்த்து, இல்லை என்று தலையாட்டி நகர்ந்து, கடைசியில் பஞ்சவர்ணத்தின் வீட்டு வாசலில் நின்றாள். கதவைச் சுவரில் சாய்த்து வைத்தாள். இரண்டு பூட்டையும் கயிற்றையும் பார்த்தாள். அவளுடைய தோள் தளர்ந்தது.

"இது என் பூட்டு மாதிரி இருக்கே" என்றாள்.

முந்தியிலிருந்த சாவிகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்க ஆரம்பித்தாள். பஞ்சவர்ணம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்து, "அது என் பூட்டு" என்று சொல்லப்பார்த்தாள். தங்கபாண்டியின் தோளைத் தொட்டாள். அவன் கண்ணை எடுக்காமல் பொன்னாத்தாளையே பார்த்துப் பூரித்து நின்றுகொண்டிருந்தான். தொட்டவளைத் திரும்பிப் பார்த்தான்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்கம்மா" என்றான். "என் வீட்டுக்காரி கதவு தொறக்குறா."

மரியாதையாகத்தான் சொன்னான்.

பூட்டுக்குள் ஒரு சாவி கிர்ரென்று திரும்புவதுபோலச் சத்தம் கேட்டது. பஞ்சவர்ணம் அதன்பிறகு யோசிக்கவில்லை. பொன்னாத்தாளின் பக்கவாட்டில் புகுந்து, இடுப்பிலிருந்த தன் சாவியால் ஒரு பூட்டைத் திறந்தாள், அடுத்ததைத் திறந்தாள், கயிற்றைப் பல்லால் கடித்து அறுத்தாள். இரண்டு கதவுப்பலகைகளையும் சுவரில் மோதும்படி அகலத் திறந்துவிட்டாள். உள்ளே அடுப்படிவரை, சாமிபடம்வரை, காயப்போட்ட பாவாடைவரை எல்லாம் தெருவுக்குத் தெரிந்தது. வாழ்க்கையில் ஒருநாளும் அந்த வீடு அப்படி ஊர்க்கண்ணில் கிடந்ததில்லை. அவளுக்கு உடம்பெல்லாம் குளிர்ந்தது, நடுத்தெருவில் சேலை அவிழ்ந்துவிட்டதுபோல.

பொன்னாத்தா எட்டிப் பார்த்தாள். அவள் கண் பெரிதாகியது. மை தீட்டிய அந்தக் கண்களுக்குள் மாயழகு அண்ணன் மேடையேறுமுன் பயந்து நிற்பதுபோல இருந்தது.

"பூட்டாத வீடா இது?" என்றாள். "அப்ப என் வீடு இல்ல. என் வீட்ட நான் பூட்டாமப் போவேனா?"

கதவைத் தூக்கித் தலையில் வைத்தாள். அடுத்த வீட்டுக்கு நடந்தாள்.

கூட்டமும் நகர்ந்தது. தங்கபாண்டி கண்ணைக் கசக்கிக்கொண்டான். தூங்கி எழுந்தவன்போலச் சுற்றுமுற்றும் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்து, "ஏண்டி, ஒனக்கென்ன கிறுக்கா? இப்பிடியா கதவத் தொறந்து போடுவ?" என்றான். அந்த "டி"யைக் கேட்டு அவள் அங்கேயே படியில் உட்கார்ந்து அழுதாள்.

இப்போது ஊர் பொன்னாத்தாளுக்கும் பழகிவிட்டது. வெளியூர் போகிறவர்கள், "பொன்னாத்தா, நம்ம பூட்டையும் பாத்துக்க" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். திருட்டு என்பதே இல்லாமல் போய்விட்டது. தினமும் பொழுது இறங்கும் நேரம், தலையில் கதவோடு அவள் தெரு முழுக்க இழுத்துப் பார்த்துக்கொண்டே போகிறாள். நின்றால் தூங்கிவிடுவாள் போலிருக்கிறது, ஆனால் நிற்க வீடில்லை. பஞ்சவர்ணத்துக்குத் தெரியும், அவள் சொல்லாமல் விட்டது மூன்று சொல். வீடு வந்து சேர்ந்தாள், அவ்வளவுதான். சில நாள் அது நாக்குநுனிவரை வந்துவிடுகிறது. வாய்க்குள் ஒரு தரம் இழுத்துப் பார்த்துவிட்டு விழுங்கிவிடுகிறாள்.

அந்த இரண்டு பூட்டுகளையும் அவள் கொண்டுபோய், ஆளில்லாமல் கிடக்கும் மாயழகின் வீட்டுக் கதவில் மாட்டினாள். பொன்னாத்தா அங்கேதான் ரொம்பநேரம் நின்று இழுத்துப் பார்க்கிறாள். தன் வீட்டு நாதாங்கியையும் வளையத்தையும் பஞ்சவர்ணம் ஆசாரியைக் கூப்பிட்டுப் பிடுங்கிவிடச் சொன்னாள். நாய் வருமோ, பாம்பு வருமோ, எவன் வருவானோ என்று ஒவ்வொரு காற்றுக்கும் நெஞ்சு திடுக்கிடுகிறது. இருந்தாலும் கதவு திறந்தே கிடக்கிறது.

பொழுது இறங்கியதும் தூரத்தில் சாவிக்கொத்துச் சத்தம் கேட்கும். பக்கத்து வீட்டுப் பூட்டு இழுபடும். அப்போது எழுந்து ஓடிப்போய்க் கதவைச் சாத்தச் சொல்லி அவளுடைய கை தானாக நீளும். அவள் வாசலுக்கு நேரே கூடத்து நடுவில் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் திணித்து, அவை எழுந்துவிடாதபடி அவற்றின்மேலேயே பாரத்தைப் போட்டு, அந்தக் காலடி தன் வாசலைக் கடந்து போகும்வரை அப்படியே உட்கார்ந்திருக்கிறாள்.